மசேருவின் ஜீன்ஸ் ஆலைகள்: புகாருக்குப் பல் முளைத்த கதை

பின்னணி

நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சின்ன மலைநாடு லெசோத்தோ. மக்கள்தொகை சுமார் இருபது லட்சம். அங்கிருந்து ஆண்கள் தலைமுறை தலைமுறையாகத் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். 1990களில் சுரங்க வேலை சுருங்க ஆரம்பித்தது. 2000-இல் அமெரிக்கா 'அகோவா' என்ற வர்த்தகச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தகுதிபெற்ற ஆப்பிரிக்க நாடுகளில் தைக்கும் ஆடைகளை வரியில்லாமல் அமெரிக்காவில் இறக்கலாம் என்று ஆனதும், தைவான் முதலாளிகள் தலைநகர் மசேருவில் மேலும் ஆலைகள் போட்டார்கள். ஆயத்த ஆடைத் தொழில்தான் நாட்டிலேயே அதிகம் பேருக்கு வேலை கொடுக்கும் தனியார் துறை ஆனது. உச்சத்தில் இருந்தபோது 40,000-க்கும் அதிகமானோர் வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சுரங்கத்திலிருந்து பணம் அனுப்பிய கணவனோ அப்பாவோ வேலையில்லாமல் வீட்டில் இருக்க, குடும்பம் முழுவதும் ஒரு பெண்ணின் தையல் கூலியில் ஓடியது.

இந்த ஆய்வு பேசுவது நியென் சிங் என்ற தைவான் ஜீன்ஸ் நிறுவனத்தின் லெசோத்தோ ஆலைகளில் பெண்களுக்கு நடந்த பாலியல் அத்துமீறலையும், அதை நிறுத்தப் போட்ட ஒப்பந்தத்தையும் பற்றி. ஏறக்குறைய 10,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். லீவைஸ், ரேங்லர், லீ, சில்ட்ரன்ஸ் பிளேஸ் ஆகிய பிராண்டுகளுக்கு அங்கே ஜீன்ஸ் தைத்தார்கள். ரேங்லரும் லீயும் கான்டூர் பிராண்ட்ஸ் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். ஆகவே பேச்சுவார்த்தை மேசையில் உட்கார வேண்டிய வாங்குநர்கள் மூன்றே பேர். இது சின்ன விவரம்தான், ஆனால் பின்னால் நடந்ததற்கெல்லாம் இது முக்கியம். முப்பது பிராண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் ஆலையில் இதே வேலையைச் செய்வது பல மடங்கு கடினம்.

வெளியே தெரிந்த விதம்

வாஷிங்டனில் ஒர்க்கர் ரைட்ஸ் கன்சார்ட்டியம் என்ற கண்காணிப்பு அமைப்பு இருக்கிறது. தங்கள் பெயர் பொறித்த டி-ஷர்ட் எங்கே, எப்படித் தைக்கப்படுகிறது என்று அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் கேள்வி கேட்டுப் போராடியதிலிருந்து 2000-இல் பிறந்த அமைப்பு அது. ஆலைகளிடமிருந்து பணம் வாங்குவதில்லை. மசேரு ஆலைகளில் சூப்பர்வைசர்கள் பெண்களைப் படுக்கைக்குக் கூப்பிடுகிறார்கள் என்ற தகவல் எட்டியதும் அந்த அமைப்பு விசாரணையில் இறங்கியது.

விசாரணை நடந்த முறையை ஊன்றிப் பார்க்க வேண்டும். 140 தொழிலாளர்களிடம் பேசினார்கள். எல்லாப் பேச்சும் ஆலைக்கு வெளியே நடந்தது. மேனேஜர் கண்ணில் படாத இடங்களில் வைத்துப் பேசினார்கள், பெயரை வெளியிட மாட்டோம் என்று உறுதி கொடுத்தார்கள். உள்ளூர்த் தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் கூடவே இருந்தன. அதுவரை வேலை நிலைமையைத் தணிக்கை செய்ய அந்த ஆலைகளுக்கு வந்த ஆடிட்டர்கள் யாரும் கேட்காததை இந்தப் பெண்கள் சொன்னதற்கு, கேட்ட ஆள் மட்டும் காரணமில்லை. கேட்ட இடமும் காரணம்.

கண்டது

அறிக்கை 2019 ஆகஸ்டில் வெளிவந்தது. பேசியவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கினர், தாங்களே பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகவோ உடன் வேலை செய்பவருக்கு அது நடந்தது தெரியும் என்றோ சொன்னார்கள்.

அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதும் அறிக்கையில் தெளிவாகத் தெரிகிறது. பலர் நிரந்தர ஊழியர்கள் இல்லை. குறுகிய கால கான்ட்ராக்ட், அல்லது அன்றன்றைய கூலி. கான்ட்ராக்ட்டை நீட்டுவதா வேண்டாமா, யாரை நிரந்தரமாக்குவது, யாருக்கு ஓவர்டைம், யாருக்கு எளிய மிஷின் என்று முடிவெடுப்பவர் லைன் (தையல் வரிசை) சூப்பர்வைசரோ அவருக்கு மேலே உள்ள மேனேஜரோதான். 'என்னோடு வந்தால் கான்ட்ராக்ட் உண்டு' என்பது பல வாக்குமூலங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளூர் ஆட்கள், வெளிநாட்டிலிருந்து வந்த மேனேஜர்கள் என்ற வித்தியாசம் இதில் இல்லை. இரு தரப்பும் செய்திருக்கிறார்கள். மறுத்தவர்களுக்கு வேலை போனது, அல்லது யாரும் விரும்பாத இடத்துக்கு மாற்றப்பட்டார்கள்.

அந்தச் சமயத்தில் லெசோத்தோவில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் அதுவும் ஒன்று. அந்த நாட்டில் வேலைக்காக வற்புறுத்தி வாங்கப்பட்ட உறவு என்றால் அதன் விலை என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு கண்டுபிடிப்பு, முதல் பார்வைக்கு இதோடு சம்பந்தமில்லாதது போலத் தெரியும். ஆலை நிர்வாகம் தொழிற்சங்கத்தை ஒடுக்கி வைத்திருந்தது. சங்கத்தில் சேர்ந்தவர்கள் குறிவைக்கப்பட்டார்கள். புகார் சொன்னால் கூட நிற்க ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் கணிப்பில் இந்த ஆய்வின் நடு முடிச்சு இதுதான். பாலியல் அத்துமீறலைத் தனி நபர்களின் ஒழுக்கக் கேடாக மட்டும் பார்த்தால், நாலு பேரை நீக்கிவிட்டுப் போஸ்டர் ஒட்டியதோடு விஷயம் முடிந்துவிடும். சங்கம் வைக்கும் உரிமை பறிபோன இடத்தில்தான் இது வளர்ந்தது என்று அறிக்கை எழுதியதால் தீர்வும் வேறு திசையில் போனது.

இருந்த பாதுகாப்புகள் ஏன் வேலை செய்யவில்லை

சட்டம் இல்லாமல் இல்லை. லெசோத்தோவின் 1992 தொழிலாளர் சட்டம் வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடை செய்திருந்தது. பிராண்டுகளிடம் விதிமுறைகளும் இல்லாமல் இல்லை. சப்ளையர்களுக்கான நடத்தை விதிகளை விரிவாக எழுதி வெளியிட்ட முதல் பெரிய நிறுவனங்களில் லீவைஸ் ஒன்று. 1991-லேயே எழுதியது. அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக ஆடிட்டர்கள் உலகெங்கும் ஆலைகளுக்குப் போய்வந்துகொண்டு இருந்தார்கள். ஆனால் பிராண்டுகள் நடத்திய தணிக்கைகள் மசேருவில் நடந்ததைப் பிடிக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொல்கிறது.

திருப்பூர், திண்டுக்கல் பக்கம் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் காரணம் புதிதாக இருக்காது. ஆடிட் வரும் நாள் முன்கூட்டியே தெரியும். தரையைக் கழுவுவார்கள், தீயணைப்புக் கருவியில் தேதி மாற்றுவார்கள், யார் பேச வேண்டும் என்று சொல்லி வைப்பார்கள். ஆடிட்டர் அலுவலக அறைக்குள் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பதினைந்து நிமிடம் பேசுவார். கழிப்பறை எத்தனை, வெளியேறும் வழி எத்தனை என்பதை அந்த முறையில் எண்ணிவிடலாம். 'என் சூப்பர்வைசர் என்னை என்ன கேட்டார்' என்பதை அந்த அறையில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். அவள் வெளியே வரும்போது கதவருகே நிற்பதே அந்த ஆள்தான்.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

அறிக்கை கையில் வந்ததும் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அப்படியே ஊடகத்துக்குக் கொடுப்பது. அதன் விளைவு என்ன ஆகும் என்று சங்கங்களுக்குத் தெரியும். பெயர் கெட்டுவிடும் என்று பயந்து பிராண்டுகள் ஆர்டரை நிறுத்திவிட்டு வேறு நாட்டுக்குப் போய்விடும். ஆலை மூடும், பாதிக்கப்பட்ட பெண்களே வேலையையும் இழப்பார்கள். ஏற்றுமதித் தொழிலில் பலமுறை நடந்த கதை இது.

இரண்டாவது வழியை எடுத்தார்கள். கண்டுபிடிப்புகளை முதலில் பிராண்டுகளின் முன் வைத்து, 'நீங்கள் போகக் கூடாது, இருந்து சரிசெய்ய வேண்டும், செய்வதை ஒப்பந்தமாக எழுதிக் கொடுக்க வேண்டும்' என்று கேட்டார்கள். ஐ.டி.யு.எல்., யுனைட், நாக்ட்வு என்ற மூன்று உள்ளூர்ச் சங்கங்கள் சேர்ந்தன. வழக்கமாக ஒன்றோடொன்று உறுப்பினருக்குப் போட்டிபோடும் சங்கங்கள் இவை. பெண் வழக்கறிஞர்களின் கூட்டமைப்பான ஃபிடாவும், பெண்கள் சட்ட உரிமைக்கான வில்சா அமைப்பும் சேர்ந்தன. 2019 ஆகஸ்டில், அறிக்கை வெளியான அதே சமயத்தில், ஒப்பந்தங்களும் கையெழுத்தாகி வெளிவந்தன. நிறுவனத்தோடு ஒரு ஒப்பந்தம், மூன்று பிராண்டுகளோடும் தனித்தனியே ஒப்பந்தங்கள்.

வடிவத்தை அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு முன்மாதிரிகளிலிருந்து எடுத்தார்கள்.

முதலாவது பண்ணையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இம்மோகலி என்ற ஊர். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹெய்ட்டி நாடுகளிலிருந்து வந்தவர்கள் தக்காளி பறிக்கும் இடம். 32 பவுண்டு எடையுள்ள வாளி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி. கூலிக் களவு, அடி, பாலியல் தொல்லை, சில வழக்குகளில் நீதிமன்றமே உறுதிசெய்த அடிமைத்தனம் என்று அங்கே எல்லாம் இருந்தது. 1993-இல் தொழிலாளர்கள் கூடி அமைப்பு தொடங்கினார்கள். பண்ணையாரோடு மோதிப் பார்த்தார்கள், பெரிதாக எதுவும் நகரவில்லை. அப்புறம் தக்காளியை மொத்தமாக வாங்கும் உணவு நிறுவனங்கள் பக்கம் திரும்பினார்கள். 2001-இல் டாக்கோ பெல் மீது புறக்கணிப்பு தொடங்கி, 2005-இல் அதன் தாய் நிறுவனம் பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகத் தர ஒப்புக்கொண்டது. மெக்டொனால்ட்ஸ் 2007-இலும் பர்கர் கிங் 2008-இலும் வந்தன. 2010 முடிவில் பண்ணையார்களின் சங்கமே ஒப்புக்கொண்டது. வால்மார்ட் 2014-இல் சேர்ந்தது. 'ஃபேர் ஃபுட்' திட்டம் என்று இதற்குப் பெயர். விதி எளிது: அடிமைத்தனமோ பாலியல் வன்முறையோ நிரூபணமாகி, பண்ணை அதைச் சரிசெய்யவில்லை என்றால், சேர்ந்திருக்கும் எந்த நிறுவனமும் அந்தப் பண்ணையிடம் வாங்காது. புகாரைக் கேட்பது பண்ணையும் இல்லை, வாங்குநரும் இல்லை. அதற்கென்று தனி அமைப்பு இருக்கிறது, 24 மணி நேரத் தொலைபேசியோடு.

இரண்டாவது, வங்கதேசத்தின் 'அக்கார்டு'. 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் அதிகமானோர் இறந்தபின், பிராண்டுகளும் உலகத் தொழிற்சங்கங்களும் போட்ட கட்டட, தீப் பாதுகாப்பு ஒப்பந்தம். பிராண்டு சொன்னபடி நடக்காவிட்டால் நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். இழுக்கவும் செய்தார்கள். 2018-இல் ஒரு வழக்கு 23 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துத் தைத்ததுதான் லெசோத்தோ ஒப்பந்தம். அதன் முக்கிய ஏற்பாடுகள் இப்படி இருந்தன. புகார்களை விசாரிக்க ஆலையின் சம்பளப் பட்டியலில் இல்லாத சுயேச்சை அமைப்பு. அந்த அமைப்பு குற்றம் நடந்தது என்று தீர்த்தால், எச்சரிக்கையிலிருந்து வேலைநீக்கம் வரை அது சொல்லும் தண்டனையை நிர்வாகம் நிறைவேற்றியே தீர வேண்டும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. பெண்கள் அமைப்பின் பொறுப்பில் இலவசத் தொலைபேசி. எல்லாத் தொழிலாளர்களுக்கும் மேனேஜர்களுக்கும் பயிற்சி. அந்தப் பயிற்சிக்காகவும் தொழிலாளர்களைச் சந்திக்கவும் சங்கப் பிரதிநிதிகளும் பெண்கள் அமைப்பினரும் ஆலைக்குள் வரலாம். சங்கம் சேரும் உரிமையை மதிப்பதாக நிறுவனத்தின் தனி உறுதி. கடைசியாக, இதையெல்லாம் தாங்கிப் பிடிக்கும் ஷரத்து: நியென் சிங் ஒப்பந்தத்தை மீறினால் மூன்று பிராண்டுகளும் ஆர்டரைக் குறைக்க வேண்டும். 'குறைக்கலாம்' என்று எழுதியிருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

நடைமுறையில்

விசாரணை அமைப்புக்கு 'ஒர்க்கர்ஸ் ரைட்ஸ் வாட்ச்' என்று பெயர் வைத்து ஆள் எடுத்தார்கள். அதற்குள் 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தது, ஆலைகள் மூடின. கூட்டமாக உட்கார வைத்து நடத்த வேண்டிய பயிற்சி தள்ளிப்போனது. எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கும் தையல் மிஷினுக்கு முன் இருக்கும் பெண்ணுக்கும் நடுவே உள்ள பாலம் இந்தப் பயிற்சிதான் என்பதால் இந்தத் தாமதம் கனமானது. உரிமை இருப்பது தெரியாதவருக்குப் புகார் சொல்லத் தொலைபேசி எண் இருந்தும் பயன் இல்லை.

பயிற்சி தொடங்கியபின் புகார்கள் வந்தன. விசாரித்து, குற்றம் உறுதியான சூப்பர்வைசர்களும் மேனேஜர்களும் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். தன்னை மிரட்டிய மேனேஜர் ஒரு தையல்காரியின் புகாரால் கேட்டுக்கு வெளியே போவதை மற்ற பெண்கள் பார்ப்பது அதுவரை அந்த ஆலைகளில் கேள்விப்படாத விஷயம். அடுத்த பெண் வாயைத் திறக்க எந்தப் பயிற்சி வகுப்பையும் விட இது அதிகம் உதவியிருக்கும்.

புகார் எண்ணிக்கை கூடினால் ஆலை மோசமாகிவிட்டது என்று மேலோட்டமாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூஜ்யம் புகார் உள்ள ஆலைதான் இந்தத் துறையில் கவலைப்பட வேண்டிய ஆலை.

நாட்டளவிலும் ஒரு நகர்வு நடந்தது. வேலையிட வன்முறை, தொல்லைக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கையை லெசோத்தோ 2023-இல் ஏற்றது. மசேரு ஆலைகள் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த விவாதத்தில் இந்த வழக்கு இல்லாமல் இருந்திருக்காது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

திண்டுக்கல் வரை

இந்த வடிவம் நம் ஊருக்கும் வந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஏற்றுமதி ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய சூப்பர்வைசர். அந்த ஆலை ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் அந்தக் குடும்பத்தோடு நின்று, ஆசிய, அமெரிக்க அமைப்புகளின் துணையோடு 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேனுடனும் எச் அண்ட் எம் என்ற ஆடை பிராண்டுடனும் ஒப்பந்தம் போட்டது. கேப், பி.வி.எச். என்ற ஆடை நிறுவனங்களும் சேர்ந்தன. 5,000-க்கும் அதிகமான தொழிலாளர்கள் இதன் கீழ் வந்தார்கள்.

மசேருவோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் கண்ணில் படும். திண்டுக்கல்லில் சங்கம் பயிற்சி கொடுத்த பெண்களே லைனுக்குள் கண்காணிப்பாளர்களாக இருந்தார்கள். தொலைபேசி எண்ணைத் தேட வேண்டியதில்லை, பக்கத்து மிஷினில் சொன்னால் போதும். வேலையிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி, புகார்களை விசாரிக்க நம் ஆலைகளில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். பெரும்பாலான மில்களில் அது நோட்டீஸ் போர்டில் உள்ள பெயர்ப்பட்டியலோடு சரி. அந்தக் குழுவுக்கு உயிர் கொடுக்கும் வேலையையும் ஒப்பந்தம் செய்ய வேண்டியிருந்தது. கூடவே சாதியின் பெயரால் நடக்கும் ஒதுக்கலையும் ஒப்பந்தம் கணக்கில் எடுத்தது. மசேருவில் அந்தத் தேவை இல்லை, இங்கே அது இல்லாமல் எழுதினால் பாதி உண்மை விட்டுப்போயிருக்கும்.

பின்னர் வந்த அடி

2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு லெசோத்தோவின் பொருட்கள் மீது 50 சதவீத வரி அறிவித்தது. அன்று அறிவித்த பட்டியலில் எல்லா நாடுகளிலும் அதுதான் உச்சம். நிறுத்திவைத்து, ஆகஸ்டில் 15 சதவீதமாகக் குறைத்தார்கள். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் ஆர்டர்கள் போய்விட்டன, ஆலைகள் ஆட்களைக் குறைத்தன, நாட்டில் வேலையின்மையை ஒட்டிப் பேரிடர் நிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 30 அன்று அகோவா சட்டமும் காலாவதியானது. தொடக்கத்தில் ஒப்பந்தத்தின் செலவுக்குப் பிராண்டுகளோடு சேர்ந்து பணம் கொடுத்த, அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டே அந்த ஆண்டில் கலைக்கப்பட்டது.

ஒப்பந்தத்தின் பலம் முழுவதும் ஆர்டரில் இருந்தது. மீறினால் ஆர்டர் குறையும் என்ற பயம்தான் மேனேஜரைக் கட்டுப்படுத்தியது. ஆர்டர் வேறு காரணத்துக்காகவே போய்விட்டால் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை. ஆள்குறைப்பு நடக்கும் ஆலையில், யாரை வைத்துக்கொள்வது என்ற முடிவு மறுபடி சூப்பர்வைசர் கைக்குப் போகிறது. 2019 அறிக்கையில் எழுதிய அதே நிலைமை உருவாக அது போதும்.

அடுத்த ஒப்பந்தத்தில் மாற வேண்டியவை

முதலில் விலை. இம்மோகலியில் வாங்குநர் பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகத் தந்தார், அது கூலியில் சேர்ந்தது. ஜீன்ஸுக்கும் அப்படி ஒரு தொகை வைத்து, அதிலிருந்தே விசாரணை அமைப்பின் செலவையும் எடுத்தால் நன்கொடை நாட்டின் தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

அடுத்தது கொள்முதல் அளவு. ஆலை ஒழுங்காக நடந்தால் இத்தனை ஆண்டுகளுக்கு வாங்குவோம் என்று பிராண்டு எழுதித் தர வேண்டும். வங்கதேச அக்கார்டில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அப்படி ஒரு உறுதி இருந்தது. தண்டனைக்கு மட்டும் ஷரத்து எழுதி, ஒழுங்காக நடப்பதற்குப் பலன் எழுதாமல் விடுவது ஆலை முதலாளி பக்கத்திலிருந்து பார்த்தால்கூட நியாயமில்லை.

மூன்றாவது கான்ட்ராக்ட் முறை. எனக்கு இதில்தான் பெரிய குறை தெரிகிறது. அத்துமீறலுக்கு ஆயுதமாக இருந்தது குறுகிய கால வேலை என்று அறிக்கையே சொல்லியபின், தீர்வின் எடை முழுவதும் புகார், விசாரணை, தண்டனை என்ற பக்கமே விழுந்தது. ஆயுதத்தைப் பிடித்த கையைத் தண்டித்தார்கள், ஆயுதம் லைனிலேயே இருந்தது. இத்தனை மாதம் வேலை செய்தவர் தானாக நிரந்தரம், ஆள்குறைப்பு என்றால் வேலையில் சேர்ந்த வரிசைப்படி, வேலைக்கு எடுப்பதில் சூப்பர்வைசருக்குப் பங்கு இல்லை என்று மூன்று வரிகளை அடுத்த ஒப்பந்தத்தில் எழுதலாம். அந்த மூன்றுக்கும் பணம் பெரிதாகச் செலவாகாது.